தொண்ணூற்றில் மட்டும் ஏன் ஆடுகிறது?

செங்கல்பட்டு தாண்டும்வரை ஒன்றும் தெரியாது. நெரிசல் குறைந்து, சாலை திறந்து, வேகமுள் 80-ஐ நெருங்கும்போது ஸ்டீயரிங் லேசாக உதறத் தொடங்கும். 90-ல் உள்ளங்கை கூசும். அதிர்வு மணிக்கட்டு வரை ஏறும். பக்கத்து இருக்கையில் இருப்பவர் "என்னங்க, வண்டி ஒரு மாதிரி ஆடுதே?" என்பார். 70-க்கு இறக்கினால் நின்றுவிடும். அதைவிட விசித்திரம், 110-ல் பார்த்தால் அங்கேயும் பாதி அடங்கியிருக்கும்.

கார் ஓட்டும் எவருக்கும் இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். வண்டியில் ஏதோ கோணல் இருக்கிறது என்றால், வேகம் ஏற ஏற ஆட்டமும் ஏறிக்கொண்டேதானே போக வேண்டும்? நடுவில் ஓரிடத்தில் மட்டும் ஆடிவிட்டு, அதற்கு மேலும் கீழும் ஏன் அடங்கிக் கிடக்கிறது?

பதில் தெரியாதவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "இந்த வண்டிக்கு 90 ஒத்துக்கல" என்று முடிவுகட்டி, 85-லேயே ஓட்டப் பழகிக்கொள்வார்கள். அல்லது நேரே டயர் கடைக்குப் போய் வீல் அலைன்மென்ட் செய்துகொண்டு வருவார்கள். காசு போகும், ஆட்டம் போகாது. உண்மையில், ஆட்டம் எந்த வேகத்தில் வருகிறது, என்ன செய்யும்போது வருகிறது, உடம்பில் எங்கே தெரிகிறது என்ற மூன்றையும் பொறுமையாகக் கவனித்தாலே, ஸ்பேனரைத் தொடும் முன்பே ஆளைப் பெரும்பாலும் பிடித்துவிடலாம்.

நொடிக்கு எத்தனை சுற்று?

ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். முன்வீல்களுக்கு இஞ்சின் விசை போகும் சாதாரண ஹேட்ச்பேக். டயரின் பக்கவாட்டில் 185/65 ஆர்15 என்று அச்சாகியிருக்கிறது. டயரின் அகலம் 185 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம். ரிம்மின் விட்டம் 15 அங்குலம். இதிலிருந்து கணக்குப் போட்டால், வீல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ 1.9 மீட்டர் நகரும்.

மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 25 மீட்டர். 25-ஐ 1.9-ஆல் வகுத்தால் 13 சொச்சம் வரும். ஆக, 90-ல் ஓடும்போது ஒவ்வொரு வீலும் நொடிக்கு 13 முறை சுற்றுகிறது. 60-ல் இது ஒன்பதுக்குச் சற்றுக் குறைவு, 110-ல் 16. ஒரு பொருள் நொடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்ற இந்த எண்ணைப் பள்ளிப் பாடத்தில் அதிர்வெண் என்று படித்திருப்போம். இந்த 13 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அத்தியாயம் முழுக்க இது வரும்.

முப்பது கிராம் செய்யும் வேலை

வீலும் டயரும் என்னதான் பார்த்துப் பார்த்துச் செய்தாலும், சுற்றிலும் ஒரே எடையாக அமைவதில்லை. டயரில் ரப்பரும் கம்பி அடுக்குகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இணைப்புகள் உண்டு. ரிம்மில் காற்று அடிக்கும் வால்வுக்கு ஓட்டை உண்டு. எங்கோ ஓரிடம் மற்ற இடங்களைவிடச் சற்றுக் கனமாக இருக்கும். இதை எடைப்பிசகு என்று சொல்லிக்கொள்வோம். இதைச் சரிக்கட்டத்தான் கனமான இடத்துக்கு எதிரே ரிம்மில் சின்ன உலோகத் துண்டு பொருத்துகிறார்கள். டயர் கடையில் அதன் பெயர் வெயிட். முன்பெல்லாம் ஈயம், ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல் கார்களுக்கு ஈய வெயிட்டைத் தடை செய்த பிறகு அங்கே இரும்பும் துத்தநாகமும் வந்துவிட்டன.

நம் வண்டியின் முன்வீல் ஒன்றில் 30 கிராம் வெயிட் ஒரு குழியில் குலுங்கித் தெறித்து விழுந்துவிட்டது என்று வையுங்கள். 30 கிராம் என்பது ஒரு சின்ன பிஸ்கட் பாக்கெட்டின் எடைகூட வராது. ஆனால் 90-ல் அது ரிம்மை வெளிப்பக்கமாக இழுக்கும் விசை ஏறத்தாழ 4 கிலோ எடைக்குச் சமம். அந்த 4 கிலோ ஒரே திசையில் இழுப்பதும் இல்லை. வீலோடு சேர்ந்து மேலே, முன்னே, கீழே, பின்னே என்று நொடிக்கு 13 முறை சுற்றிச் சுற்றி இழுக்கிறது.

இந்த விசை வேகத்தோடு நேராக ஏறுவதில்லை. வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. வேகம் பாதியானால் விசை கால்வாசியாகிவிடும். 45-ல் அதே 30 கிராம் 1 கிலோ அளவுக்குத்தான் இழுக்கும். ஊருக்குள் ஓட்டும்போது ஆட்டம் தெரியாததற்கு இது ஒரு காரணம். 110-ல் அது 6 கிலோவாகிவிடும். அப்படியானால் 110-ல் இன்னும் மோசமாக ஆட வேண்டுமே? பாதிப் புதிர்தான் இதுவரை அவிழ்ந்திருக்கிறது.

நடுவேகத்தில் என்ன நடக்கிறது?

வாஷிங் மெஷின் துணி பிழியும் கட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். டிரம் வேகமெடுக்கும்போது ஒரு கட்டத்தில் மெஷினே தடதடவென்று குதிக்கும். சில சமயம் இடத்தைவிட்டு நகரும். ஓடிப்போய்ப் பிடிக்கலாமா என்று யோசிப்பதற்குள் வேகம் இன்னும் கூடி, சத்தம் சீராகி, மெஷின் அமைதியாக நிற்கும். துணி ஒருபக்கமாகச் சேர்ந்த எடைப்பிசகு அப்போதும் அப்படியேதான் இருக்கிறது. பிழிந்து முடித்து வேகம் இறங்கும்போது, அதே இடத்தில் மறுபடி ஒருமுறை தடதடக்கும்.

காரில் நடப்பதும் இதுவேதான். வீல், பிரேக், அவற்றைத் தாங்கும் அச்சுப் பகுதி எல்லாம் சேர்ந்து ஒரு மூலைக்கு 35, 40 கிலோ எடை இருக்கும். அந்த எடைக்குக் கீழே டயர் ஒரு ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. மேலே சஸ்பென்ஷன் ஸ்பிரிங் இருக்கிறது. சுற்றிலும் ரப்பர் புஷ்கள். இப்படி ஸ்பிரிங்குகளுக்கு நடுவே மாட்டிய எந்த எடைக்கும், தட்டிவிட்டால் தானாக ஆடும் ஒரு சொந்த வேகம் உண்டு. அதை இயல்பு அதிர்வெண் என்பார்கள். பெரும்பாலான கார்களின் முன்வீல் அமைப்புக்கு அது நொடிக்கு 10 முதல் 15 ஆட்டம் வரை.

வீல் 90-ல் நொடிக்கு 13 முறை தட்டுகிறது. அமைப்பும் தானாக ஏறக்குறைய அதே வேகத்தில் ஆட விரும்புகிறது. தட்டு ஒவ்வொன்றும் சரியான நேரத்தில் விழுவதால், முந்தைய ஆட்டம் அடங்கும் முன் அடுத்தது அதோடு சேர்ந்துகொள்கிறது. சின்ன விசை பெரிய ஆட்டமாகிறது. இதுதான் ஒத்ததிர்வு. 110-ல் விசை கூடுதல்தான். ஆனால் தட்டுகள் நொடிக்கு 16 என்று முந்திக்கொண்டு வருவதால், 40 கிலோ எடையால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து ஆட முடிவதில்லை.

வீலின் அளவு மாறினால் ஆடும் வேகமும் மாறும். பழைய மாருதி 800-ன் 12 அங்குல வீல் 80-லேயே நொடிக்கு 14 சுற்றுப் போட்டுவிடும். பெரிய எஸ்.யூ.வி.யின் வீல் ஒரு சுற்றுக்கு 2.3 மீட்டர் போவதால், அதே 13-ஐ எட்ட 105-க்கு மேல் போக வேண்டும். ஆகவே "என் வண்டி 90-ல் ஆடுது, மச்சான் வண்டி 105-ல் ஆடுது, ரெண்டுக்கும் வேற வேற பிரச்சினை" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வீலின் ஆட்டம் கைக்கு எப்படி வருகிறது?

முன்வீல் இடமும் வலமும் திரும்புவது ஓர் அச்சைச் சுற்றி. அந்த அச்சு வீலின் நட்டநடுவில் இல்லை; சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. வீலின் கனமான இடம் முன்பக்கம் வரும்போது வீல் முன்னால் இழுபடுகிறது, பின்பக்கம் வரும்போது பின்னால் இழுபடுகிறது. அச்சு உள்ளே தள்ளி இருப்பதால், ஒவ்வொரு இழுப்பிலும் வீல் நூலளவு திரும்பப் பார்க்கிறது. அந்த நூலளவு அசைவு டை ராடைத் தள்ளுகிறது. டை ராட் ரேக்கைத் தள்ளுகிறது. ரேக் ஸ்டீயரிங் தண்டைத் திருகுகிறது. கடைசியில் உங்கள் உள்ளங்கை.

பின்வீலுக்கு இந்தப் பாதை கிடையாது. பின்வீலில் எடைப்பிசகு இருந்தால் அது வண்டியின் உடல் வழியாக இருக்கைக்கும் தரைக்கும் போகும். ஆகவே முதல் சோதனைக்குக் காசே தேவையில்லை. ஆட்டம் கையில் தெரிகிறதா, முதுகிலும் தொடையிலும் தெரிகிறதா? கையில் என்றால் பெரும்பாலும் முன்வீல். இருக்கையில் என்றால் பெரும்பாலும் பின்வீல். "பெரும்பாலும்" என்று இரண்டு முறை சொன்னதற்குக் காரணம் உண்டு. இரண்டு முன்வீல்களும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் இழுத்தால், டை ராடில் ஒன்றின் தள்ளலை மற்றது அழித்துவிடும். கை அமைதியாக இருக்கும், இருக்கை ஆடும்.

வளைவு தாண்டியதும் காணாமல்போகும் ஆட்டம்

மெக்கானிக்கை ஏற்றிக்கொண்டு போனால் மட்டும் ஆட்டம் வராது என்று சொல்பவர்களைப் பலர் நம்புவதில்லை. அதில் உண்மை இருக்கிறது, காரணமும் இருக்கிறது.

இரண்டு முன்வீலிலும் எடைப்பிசகு இருக்கிறது என்று வையுங்கள். இடதின் கனம் முன்னால் இருக்கும் அதே கணத்தில் வலதின் கனம் பின்னால் இருந்தால், ஒன்று முன்னே இழுக்க மற்றது பின்னே இழுக்கும். ஸ்டீயரிங்குக்கு இரண்டும் ஒரே பக்கத் திருகலாகச் சேர்ந்துவிடும். ஆட்டம் உச்சத்தில் இருக்கும். இரண்டு கனமும் ஒன்றாக முன்னால் வந்தால் ஸ்டீயரிங் அடங்கிவிடும்.

இந்த உறவு நிலையானதல்ல. வளைவில் வெளிப்பக்க வீல் அதிகத் தூரம் ஓட வேண்டும். நம் வண்டியில் இரு முன்வீல்களுக்கும் இடைவெளி ஏறத்தாழ 1.45 மீட்டர். சாலை 38 பாகை அளவுக்குத் திரும்பினால் போதும். வெளிவீல் உள்வீலைவிட அரைச்சுற்று கூடுதலாகச் சுற்றியிருக்கும். வளைவு அகலமானதா, குறுகலானதா என்பதுகூட முக்கியமில்லை. மொத்தம் எவ்வளவு திரும்பினோம் என்பதுதான் கணக்கு. அரைச்சுற்று வித்தியாசம் என்றால் எதிரெதிராக இழுத்தவை ஒரே திசைக்கு வந்துவிடும். வளைவுக்கு முன்பு உதறிய ஸ்டீயரிங், வளைவு முடிந்து நேரான பின்னும் அதே 90-ல் சும்மா இருக்கும்.

நேரான சாலையிலும் இது நடக்கும். ஒரு பக்கம் புது டயர், மறுபக்கம் 3 மில்லிமீட்டர் தேய்ந்த டயர் என்றால், சுற்றளவில் ஏறத்தாழ 1 சதவீத வித்தியாசம். அப்போது ஆட்டம் ஏழெட்டு நொடிக்கு ஒருமுறை கூடும், குறையும், மறுபடி கூடும். இப்படி அலையாக வந்து போனால், குறைந்தது இரண்டு வீல்களில் பிசகு இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

போனை வைத்துப் பிடிப்பது

நொடிக்கு 13 முறை என்பதைக் கையால் எண்ண முடியாது. ஆனால் நம் எல்லோர் சட்டைப்பையிலும் அதை எண்ணும் கருவி இருக்கிறது. திரையைச் சாய்த்தால் படம் திரும்புகிறதே, அதற்காகப் போனுக்குள் வைத்திருக்கும் முடுக்க உணரி, அதிர்வையும் அளக்கும். ஜெர்மனியின் ஆகன் நகரிலுள்ள ஆர்.டபிள்யூ.டி.எச். பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி, அந்த அதிர்வில் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று வரைபடமாகவே காட்டிவிடும். பக்கத்து இருக்கைக்காரர் போனை இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே உறுதியாக அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் 90-ல் சீராக ஓட்டுங்கள். ஓட்டுபவர் போனைப் பார்க்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வரைபடத்தில் 13-ல் ஒரு குன்று நின்றால், வீலோடு ஒன்றுக்கு ஒன்றாகச் சுற்றும் ஏதோ ஒன்று காரணம். டயர், ரிம், டிஸ்க், ஹப் இவற்றில் ஒன்று. 26-ல், அதாவது இரட்டிப்பில் நின்றால், வட்டம் முட்டையாகிவிட்டது என்று சந்தேகிக்கலாம். ஒரு சுற்றுக்கு இரண்டு மேடு. 39-ல் நின்றால், கியர்பெட்டியிலிருந்து வீலுக்குப் போகும் ஆக்சிலின் உள்பக்க ஜாயின்ட்டைப் பாருங்கள். அதற்குள் மூன்று உருளைகள் இருப்பதால் ஒரு சுற்றுக்கு மூன்று முறை தட்டும். இந்தக் கோளாறு ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வந்து, காலை எடுத்ததும் போய்விடும்.

இஞ்சின் 90-ல் ஐந்தாவது கியரில் நிமிடத்துக்கு 2,500 சுற்று ஓடினால் நொடிக்கு 42. இது 39-க்குப் பக்கத்திலேயே இருப்பதால் குழப்பும். குழப்பத்தைத் தீர்க்க அதே 90-ல் நான்காவது கியருக்கு இறக்குங்கள். இஞ்சினின் குன்று மேலே நகர்ந்துவிடும். வீலின் குன்று நின்ற இடத்திலேயே நிற்கும். போன் இல்லாவிட்டாலும் இந்தச் சோதனை செல்லும். கியரை மாற்றியதும் ஆட்டத்தின் தன்மை மாறினால் இஞ்சின் பக்கம், மாறவில்லை என்றால் வீல் பக்கம்.

பிரேக் மிதித்தால் மட்டும் ஆடினால்

சீராக ஓடும்போது ஒன்றுமில்லை, வேகத்தில் பிரேக் மிதித்தால் மட்டும் ஸ்டீயரிங் படபடக்கிறது, மிதியும் காலைத் தட்டுகிறது என்றால் டயரை விட்டுவிடுங்கள். பிரேக் டிஸ்க்தான். டிஸ்க் "பெண்டு ஆயிடுச்சு" என்பார்கள். உண்மையில் பெரும்பாலும் அது வளைந்திருப்பதில்லை. தடிமன் ஓரிடத்துக்கு ஓரிடம் மாறியிருக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு வித்தியாசமே கைக்குத் தெரியப் போதும். ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் துரு ஏறி டிஸ்க் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்தாலும், நாளடைவில் ஒரு பக்கம் மெலியும். மலை இறங்கி வந்த கொதிக்கும் பிரேக்கை அடிவாரத்தில் அழுத்திப் பிடித்தபடியே நின்றாலும், பேடின் பொருள் டிஸ்க்கில் ஒரு தடமாக ஒட்டிக்கொள்ளும். லேத்தில் கடைசல் பிடிக்கலாம். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், அதற்குக் கீழே போகக் கூடாது.

மெஷினில் பூஜ்யம், சாலையில் ஆட்டம்

நம் வண்டிக்குத் திரும்புவோம். கையில் ஆட்டம், பிரேக்கில் மாற்றமில்லை, கியர் மாற்றியும் மாற்றமில்லை, போனில் 13. முன்வீல் இரண்டையும் பின்னால் மாட்டிப் பார்த்தோம். ஸ்டீயரிங் அடங்கி இருக்கை ஆடியது. ஆக டை ராடோ டிஸ்க்கோ அல்ல. வீலோடு போகும் கோளாறு.

டயர் கடையில் வீலைக் கழற்றி, பழைய வெயிட்டை நெம்பி எடுத்து, ரிம்மின் உட்புறத்தில் அப்பிய சேற்றைச் சுரண்டினார்கள். இது முக்கியம், வயல் பாதையில் போய்வந்த வண்டியில் காய்ந்த சேறே ஒரு கைப்பிடி இருக்கும். வீலைக் கூம்பு வைத்து மெஷினில் இறுக்கி, மூடியை இறக்கி, சுழலவிட்டார்கள். உள்விளிம்புக்கு 35, வெளிவிளிம்புக்கு 10 என்று இரண்டு எண்கள் மின்னின. விளிம்பு இரண்டுக்கும் தனித்தனி எண் ஏன்? கனம் உள்பக்க விளிம்பில் ஓரிடத்திலும், வெளிப்பக்க விளிம்பில் அதற்கு எதிர்ப்புறத்திலும் இருந்தால், மேலும் கீழுமாகப் பார்க்கையில் எடை சமமாகத் தெரியும். சுழலும்போதோ வீல் பக்கவாட்டில் தள்ளாடும். ஸ்டீயரிங்கை உலுக்குவதில் இந்தத் தள்ளாட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வெயிட் அடித்தார்கள். மறுபடி சுழற்ற, 00, 00.

சாலைக்கு வந்தால் ஆட்டம் பாதி குறைந்திருந்தது. பாதி மிச்சம்.

இங்கேதான் பலர் கடைக்காரரைத் திட்டுகிறார்கள். சில சமயம் அது நியாயம்தான். வீல் மெஷினில் நடுப்பொருந்தி உட்காராவிட்டால் பூஜ்யமே பொய். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி: பூஜ்யம் வந்த வீலைத் தளர்த்தி, அரைச்சுற்றுத் திருப்பி இறுக்கி, மறுபடி சுழற்றச் சொல்லுங்கள். எண் 5 கிராமுக்கு மேல் மாறினால் முதலில் பொருத்தியதே தவறு.

நம் வண்டியில் பொருத்தம் சரி. ஜாக்கி வைத்துத் தூக்கி, ரிம்மின் விளிம்புக்கு ஒரு நூல் தள்ளி ஸ்குரூடிரைவர் நுனியை அசையாமல் பிடித்து, வீலை மெல்லச் சுற்றினார்கள். ஒரே ஓர் இடத்தில் இடைவெளி அகன்று மறுபடி குறுகியது. உள்விளிம்பு ஏதோ குழியில் மோதி உள்ளே அமுங்கியிருக்கிறது. டயரின் வெளிவட்டத்தில் அதன் விளைவு 1 மில்லிமீட்டர். இதை வட்டப்பிசகு என்போம்.

1 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். கார் டயரை 1 மில்லிமீட்டர் கூடுதலாக அமுக்க ஏறத்தாழ 20 கிலோ விசை வேண்டும். ஆக ஒவ்வொரு சுற்றிலும் அச்சின் மேல் 20 கிலோ ஏறி இறங்குகிறது. 30 கிராம் எடைப்பிசகு 90-ல் தருவது மேலே 4, கீழே 4, மொத்தம் 8 கிலோ வித்தியாசம்தான். எடைப்பிசகைப் போல வட்டப்பிசகின் விசை வேகத்தோடு பெரிதாக ஏறுவதில்லை. எல்லா வேகத்திலும் இருக்கிறது. 13 சுற்று வந்து ஒத்ததிர்வு அதைப் பிடிக்கும்போதுதான் கைக்குத் தெரிகிறது. பேலன்சிங் மெஷினில் வீல் அந்தரத்தில் சுற்றுகிறது. தரையே இல்லாத இடத்தில் தரையை மிதிக்கும் கோளாறு எப்படித் தெரியும்? டயரின் மேல் ஓர் உருளையைச் சில நூறு கிலோ விசையில் அழுத்தி அளக்கும் ரோடு ஃபோர்ஸ் மெஷின்கள் இருக்கின்றன. எல்லா ஊரிலும் கிடையாது. ஸ்குரூடிரைவர் எல்லா ஊரிலும் உண்டு.

புது டயரில் மஞ்சளும் சிவப்புமாகப் பொட்டு வைத்திருப்பார்களே, அதுவும் இதற்காகத்தான். மஞ்சள் பொட்டு பொதுவாக டயரின் எடை குறைந்த இடம். அதை வால்வுக்கு நேரே வைத்து மாட்டினால் குறைந்த வெயிட் போதும். சிவப்புப் பொட்டு டயர் அதிகம் எதிர்த்துத் தள்ளும் மேட்டுப் புள்ளி. ரிம்மின் தாழ்ந்த புள்ளிக்கு நேரே அதை வைக்கலாம். மாட்டுபவர் பொட்டைப் பார்க்கிறாரா என்று நின்று கவனியுங்கள். பஞ்சர் ஒட்ட டயரைக் கழற்றும்போதும், வால்வுக்கு நேரே டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டால் பழைய இடத்திலேயே மாட்டலாம்.

கடையில் வாங்கி மாட்டிய அலாய் வீலில் இன்னொரு சங்கடம் உண்டு. அதன் நடு ஓட்டை வண்டியின் ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால், வீல் சற்றுத் தள்ளி உட்காரலாம். நடுவில் ஹப் ரிங் என்ற வளையம் போட வேண்டும். மெஷினில் எல்லாம் சரியாகத்தான் காட்டும்.

அலைன்மென்ட் ஏன் தீர்க்காது?

அலைன்மென்ட் என்பது வீல்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பது பற்றியது. கோணம் தவறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ஸ்டீயரிங் கோணலாக நிற்கும், டயர் ஒரு ஓரமாகத் தேயும். ஆனால் அந்தக் கோணம் ஒரு சுற்றுக்குள் மாறுவதில்லை; நொடிக்கு 13 முறை எதையும் தட்டுவதில்லை. ஆகவே ஆட்டத்துக்கு அது நேரடிக் காரணமாக முடியாது. தவறான கோணத்தில் நெடுநாள் ஓடி டயர் மேடுபள்ளமாகத் தேய்ந்து, அதனால் ஆட்டம் வருவது வேறு கதை. அப்போதும் கோணத்தைச் சரிசெய்தால் தேய்ந்த டயர் வளரப்போவதில்லை.

டை ராட் எண்ட், லோயர் ஆர்ம் புஷ் போன்றவை தேய்ந்திருந்தால் ஆட்டம் பெரிதாகத் தெரியும். ஆனால் அவை ஆட்டத்தை உண்டாக்குவதில்லை, அடக்காமல் விட்டுவிடுகின்றன. புது புஷ் போட்டால் ஆட்டம் குறையும், மூல காரணம் அப்படியே இருக்கும். மின்சாரப் பவர் ஸ்டீயரிங் உள்ள சில வண்டிகளில் அதன் மோட்டாரே எதிர்த்திசையில் அசைந்து இந்த உதறலை மறைக்கிறது. ஃபோர்டு நிறுவனம் இப்படி ஒரு வசதியைத் தன் வண்டிகளில் சேர்த்திருக்கிறது. ஓட்டுபவருக்குச் சுகம்தான். என் கருத்தில் இது இரட்டை முனைக் கத்தி. கோளாறு கைக்குச் சொல்லாமல் வளரும்.

முன்வீல் உதறல் இன்று நேற்று வந்த தொல்லையும் அல்ல. 1920-களில் காற்றழுத்தம் குறைந்த பலூன் டயர்களும் முன்வீல் பிரேக்கும் பரவியபோது, முன்வீல்கள் இரண்டும் ஒரே இரும்புத் தண்டில் மாட்டியிருந்த கார்களில் ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியாத அளவுக்கு ஆட்டம் வந்தது. ஒரு வீல் ஏறினால் தண்டு சாயும், மற்ற வீலும் சாயும், சுழலும் வீல் சாய்ந்தால் திரும்பப் பார்க்கும். ரோல்ஸ்-ராய்ஸிலிருந்து அமெரிக்காவின் காடிலாக்குக்குப் போன மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் இதை ஆராய்ந்தார். 1934 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் முன்வீல்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைக்குப் போகும் முன்

வாரக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டி, எடுத்ததும் ஆடி, பத்திருபது கிலோமீட்டரில் தானாகச் சரியானால், டயர் நின்ற இடத்தில் தட்டையாகி, சூடேறியதும் உருண்டையாகிவிட்டது என்று பொருள். கவலை வேண்டாம்.

கவலைப்பட வேண்டியவை வேறு. 30, 40-லேயே வண்டி தள்ளாடுவது, டயரின் பக்கவாட்டிலோ தரையைத் தொடும் பரப்பிலோ புடைப்புத் தெரிவது, நேற்று இல்லாத ஆட்டம் இன்று வந்து மணிக்கு மணி கூடுவது. முதல் இரண்டும் டயருக்குள் அடுக்குகள் பிரிவதன் அல்லது அறுவதன் அடையாளமாக இருக்கலாம். மூன்றாவது, வீல் நட்டு தளர்ந்ததாகவும் இருக்கலாம். இவற்றில் எது இருந்தாலும் வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்தி, வீல் ஸ்பேனரை எடுங்கள்; புடைப்பு இருந்தால் ஸ்டெப்னியை மாட்டுங்கள். ஊர்போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

நல்ல மெக்கானிக் முதலில் கேட்பது, "எப்போ ஆடுது சார்? சும்மா போறப்பவா, பிரேக் போட்டாலா?" என்றுதான். "90-ல கையில ஆடுதுண்ணே, 70-ல இல்ல, பிரேக் போட்டா கூடுதலா இல்ல, நாலாவது கியர்லயும் அப்படியேதான் இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு அரை மணி நேர வேலை மிச்சம். இதைக் கேட்காமலே அலைன்மென்ட் பில் போடும் கடையை விட்டு வேறு கடைக்குப் போங்கள். வேலை முடிந்து வீலை மாட்டிய பின், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும், வண்டி ஆறியபிறகு நட்டுகளை இன்னொரு முறை ஸ்பேனர் வைத்துச் சரிபார்த்துவிடுங்கள். அலாய் வீல் என்றால் இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள்.